ஆராவது ஊசி போட்டவையோ

கொக்குவிலில் இராசநாயகத்தின் வளவுக்குள் நான் போனபோது, மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. முதல்நாள் மாலை கன்று போட்ட மாடு. காது குளிர்ந்திருந்தது. கன்று போட்டதும் இரத்தத்தில் கல்சியம் இறங்கி மாடு விழுவது, மிருக வைத்தியரான எனக்குப் புதிதல்ல. ஒரு போத்தல் கல்சியம் நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் எழும்பிவிடும். ஏற்கெனவே யாராவது ஏற்றியிருந்தால், இரண்டாவது போத்தல் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் முதலில் கேட்டேன்.

"ஆராவது ஊசி போட்டவையோ, ஐயா?"

"இல்லை டொக்டர். ஒருத்தரும் வரேல்லை."

கன்றைப் பிடித்தபடி நின்ற அவர் மனைவி பத்மாவதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் திரும்பிப் பார்த்ததும் கன்றின் முதுகைத் தடவத் தொடங்கினார். நான் அதைக் கண்டேன். கண்டும் கேட்கவில்லை. இன்னும் நாலு வீடு போகவேண்டியிருந்தது; அதோடு பொறுமை என்பது எனக்குக் கிட்டவும் வராத சாமான்.

கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, போத்தலை இராசநாயகத்தின் கையில் கொடுத்தேன். ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்துக் குந்தினேன். கால் போத்தல் வரை ஒழுங்காக அடித்தது. அரைப் போத்தலில் ஒரு துடிப்புத் தவறியது. பிறகு இரண்டு சேர்ந்து தவறின.

"போத்திலைக் கீழை இறக்குங்கோ."

குழாயைப் பிடுங்கினேன். "ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. முதலே ஏத்தினதோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். பத்மாவதிதான் சொன்னார். "ஓம் டொக்டர். விடியவே சிமியோன் வந்து ஒரு போத்தில் ஏத்தினவர்."

சிமியோன் படிப்பில்லாமல் ஊசி போடுகிற ஆள். போன வருடம் அவனைக் கூப்பிட்டதற்காக, பால் சேர்க்கும் நிலையத்தில் இருபது முப்பது பேருக்கு முன்னால் இராசநாயகத்தை வாய்க்கு வந்தபடி பேசினேன். உங்களைப் போல ஆட்களுக்கு மாடு எதற்கு என்றும் கேட்டேன். அன்று எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

மாடு காலை நீட்டியது. நெஞ்சை இரண்டு கைகளாலும் அழுத்தினேன். வீண் வேலை என்று தெரிந்தும் அழுத்தினேன். பத்து நிமிடம் ஆகவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஏன் ஐயா மறைச்சனீங்கள்?"



"இவர் பொய் சொல்லுற ஆளில்லை, டொக்டர்" என்றார் பத்மாவதி. "உங்களுக்குப் பயந்துதான்."

கன்று பசியில் கத்தத் தொடங்கியது. இராசநாயகம் அதைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். நான் அவருக்கு ஓரெட்டுத் தள்ளித்தான் நின்றேன்.

"கண்டுக்கு இனி என்ன பால் குடுக்கிறதெண்டு டொக்டரிட்டைக் கேளும்" என்றார் மனைவியிடம்.