ஜன்னல் சீட்டு முனியம்மா

அமலா என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். அதை மட்டும் அவள் செய்யாமல் இருந்திருந்தால் என் மாமியார் செத்திருக்க மாட்டார்.

நான் சசிரேகா. ஒரகடத்தில் கார் கண்ணாடி பொருத்தும் லைனில் வேலை. பென்னலூர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறுவது நான் ஒருத்திதான். டிரைவருக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் சீட்டு என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் முறைக்கிற முறைப்பில் வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த அமலாவுக்கு அந்த முறைப்பு புரியவில்லை.

"எந்திரி. இது என் சீட்டு."

"பின்னாடி நெறைய எடம் கெடக்கே ஆன்ட்டி," என்று சிரித்தாள்.

எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பின்சக்கரத்துக்கு மேலிருந்த சீட்டில் குலுங்கிக்கொண்டே போனேன். ஒரகடம் வருவதற்குள் அவளை அழவைக்க வழி கிடைத்துவிட்டது.

டீ பிரேக்கில் அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினேன். "உனுக்குத் தெரியாதா? அந்த சீட்டுல ஒருத்தங்க செத்துட்டாங்க. ஷிப்ட் முட்ச்சிட்டு வந்து குந்துனவங்க, தூக்கத்துலயே போய்ட்டாங்க. நான் தெனம் குந்திகினு அவங்கள சாந்தமா வெச்சிருந்தேன்."

"ஐயோ! அவுக பேரு என்னக்கா?"

பயந்ததும் அக்கா ஆகிவிட்டேன். ஆனால் பெயரை யோசித்து வைக்கவில்லை. அன்று காலை நான் சுட்ட தோசையை எடுத்து நாய்க்குப் போட்டவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"முனியம்மா," என்றேன். என் மாமியார் பெயர்.

பயந்து ஓடுவாள் என்று பார்த்தால், அமலா ஜெபமாலையை எடுத்து முனியம்மாவின் ஆன்மாவுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களுக்கும் விஷயம் பரவியது. ஒருத்தி மல்லிகைச் சரத்தை ஜன்னல் கம்பியில் கட்டினாள். டிரைவர் சுப்பிரமணி குங்குமம் வைத்தார். வேண்டிக்கொண்ட ஒருத்திக்கு வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டில் யாருமே உட்காரக் கூடாது என்று ஆகிவிட்டது, நான் உட்பட.

போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியார் படத்துக்கு மாலை போட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிரேம் போட்டுச் சீட்டுக்கு மேலே மாட்டினார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போவது மனதுக்கு நிறைவாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டேன். பஸ் கிளம்பப் போகும் நேரத்தில், "ஏய் சசி, டப்பாவ வுட்டுட்டு வந்துட்டியே!" என்று கத்திக்கொண்டே மாமியார் படியேறி உள்ளே வந்துவிட்டார்.

சுப்பிரமணி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால் ஒருத்தி அலறினாள். அமலா முழந்தாளிட்டாள். மாமியார் மேலே மாட்டியிருந்த தன் படத்தையும் மாலையையும் நிதானமாகப் பார்த்தார்.

"யாருடி என்னை சாவடிச்சது?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவர் அந்தச் சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த அமலாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அழுவாதம்மா. நீயாச்சும் எனுக்காக அழுதியே."

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் வாழையிலை விரித்து அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"செத்தவளுக்கு இன்னா ரசஞ்சோறு? படையல் போடு. நாட்டுக்கோழி, வஞ்சிரம், முட்ட."

என் புருஷன் ரகுபதி எதுவும் கேட்காமல் பக்கத்தில் இன்னொரு இலையை விரித்துக்கொண்டான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் படையல்தான். அமலாவும் வந்துவிடுகிறாள். நான் அடுப்படியில் வேர்த்து வழிய மசாலா அரைக்கிறேன். கூடத்தில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். செத்தவர்கள் பாத்திரம் கழுவ மாட்டார்களாம். மாமியார் கையை மட்டும் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிடுகிறார்.

"எல்லாம் உன் வாயால வந்தது," என்கிறான் ரகுபதி, எலும்பைக் கடித்துக்கொண்டே.

அவனுக்கும் ஒரு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.