மூக்கண்ணன் கட்டிய ரிப்பன்கள்

பூங்காவின் கருவிக் குடிசையில், எங்கள் கையுறைகளை மாட்ட உள்சுவரில் வரிசையாக ஆணிகள் உண்டு. ஒவ்வொரு ஆணிக்கு மேலேயும் பிளாஸ்திரித் துண்டில் பெயர் எழுதியிருக்கும். பெயர் என்றால் பட்டப்பெயர்தான். முதல் ஆணி என்னுடையது, மூக்கண்ணன். கடைசி ஆணி டிரைவரம்மாவுடையது. அந்தக் கடைசி ஆணியில் கையுறைகள் மூன்று மாதமாகத் தொட ஆளில்லாமல் தொங்கின. அதற்குக் காரணம் நான். எழுதும்போது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள், இதை வாயால் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

முப்பத்தைந்து வருடம் காபித்தூள் கடை வைத்திருந்தவன் நான். கொட்டை வறுபடும்போது பின்பக்கம் உட்கார்ந்தபடியே "இறக்கு" என்று குரல் கொடுப்பேன். ஒரு நாளும் தப்பியதில்லை. கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நாள் முழுக்க என் அடுப்படியையே மோந்துக்கிட்டிருக்கீங்க. எங்கயாவது போய் உபயோகமா மோந்து பாருங்க" என்று விரட்டினாள். தேசியப் பூங்காவில் சனிக்கிழமை வேலைக்குத் தொண்டர்கள் வேண்டும் என்று பேப்பரில் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே நிஜமாகவே மூக்குக்கு வேலை இருந்தது. பூங்காவின் மேற்குச் சரிவை எங்கிருந்தோ வந்த ஒரு களை மூடிக்கொண்டு வந்தது. நாங்கள் வைத்த பெயர் நாற்றச்செடி. அதே சரிவில்தான் வாசமரம் என்று நாங்கள் சொல்லும் மரத்தின் கன்றுகளும் முளைக்கும். வளர்ந்த வாசமரங்கள் பூங்காவிலேயே பதினொன்றுதான் மிச்சம். நாலு இலை விட்ட பருவத்தில் களைக்கும் கன்றுக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. இலை நுனியைக் கசக்கி மோந்து பார்க்க வேண்டும். மக்கிய ஈரத்துணி மாதிரி நாறினால் களை. எலுமிச்சைத் தோல் மாதிரி மணந்தால் கன்று. முன்னால் போகிறவர் மோந்து பார்த்துக் களைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டுவார். பின்னால் வருகிறவர் ரிப்பன் கட்டியதை மட்டும் பிடுங்கி, ரிப்பனைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுக்கொள்வார். ஆறு வருடமாக முன்னால் போனவன் நான்தான்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கண்ணனிடமிருந்து மூக்கை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் அண்ணன்தானே. அந்த மாதிரி அண்ணன்கள் பூங்காவில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமையும் ரிப்பன் கட்டு இடுப்பில் தொங்க முன்னால் நடந்தேன். ஒவ்வொரு செடியிடமும் குனிந்தேன், இலையைக் கசக்கினேன், கண்ணை மூடி மோந்தேன், தலையை ஆட்டிக்கொண்டேன். அத்தனையும் நடிப்பு. ஆறு வருட அனுபவம், கண்ணே போதும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே போனேன். எனக்குப் பின்னால் பிடுங்கி வந்தவர் டிரைவரம்மா. நகரப் பேருந்து ஓட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர், விடுமுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று வாரமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இது மணக்குதே. எலுமிச்சை வாசனை வருது," என்று ஒரு செடியை நீட்டினார்.

வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் காற்றுதான் உள்ளே போனது.

"கையுறைய எந்த சோப்புல துவைச்சீங்க? அந்த வாசனையா இருக்கும்."

"கையுறையக் கழட்டிட்டுதாண்ணே பார்த்தேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. பயத்தில் வருகிற கோபத்துக்குச் சத்தம் அதிகம். "ஏம்மா, நான் உங்க பஸ்ஸுல ஏறி ஸ்டியரிங்கப் பிடிச்சு இழுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா? கட்டினதப் பிடுங்குங்க, அது போதும்," என்றேன். பக்கத்து வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு நான் கட்டியதை எல்லாம் பிடுங்கினார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது பூங்கா அதிகாரி குடிசையின் தரையில் ஒரு சாக்கை விரித்திருந்தார். அதன்மேல் அறுபத்திரண்டு வாசமரக் கன்றுகள் வரிசையாகக் கிடந்தன. களைக் குவியலை எரிக்க வந்த காவலர் வாசனையை வைத்துக் கண்டுபிடித்தாராம், அதற்குள் வேர் காய்ந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் அந்த மரத்தின் விதை இத்தனை முளைக்கும். அதிகாரி முப்பது வயதுப் பெண். குரலை உயர்த்தாதவர். காய்ந்த பிறகும் குடிசை முழுக்க எலுமிச்சை மணக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை.

"இதுல எல்லாம் ரிப்பன் இருந்துச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

ரிப்பன்கள் டப்பாவுக்குள் போயாயிற்று. எதில் இருந்தது, எதில் இல்லை என்று இனி யாரும் காட்ட முடியாது. இந்தக் கணக்கு என் தலைக்குள் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"நான் களைக்கு மட்டும்தான் கட்டினேன் மேடம். புதுசா வந்தவங்க, வேகத்துல கட்டாததையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பாங்க."

டிரைவரம்மா என்னைப் பார்த்தார். மல்லுக்கு நிற்பார் என்று எதிர்பார்த்து அடுத்த பொய்யையும் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. "அண்ணன் சொல்றாருல்ல," என்றார், அவ்வளவுதான். இனி பாதை பெருக்கும் வேலையைப் பாருங்கள் என்று அதிகாரி சொன்னார். டிரைவரம்மா கையுறைகளை ஆணியில் மாட்டிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். மாலைவரை பெருக்கினார். மறுவாரம் வரவில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதவி உயர்வு. இனிமேல் மூக்கண்ணன் இரண்டு தடவை மோந்து பார்த்துச் சொல்லாமல் யாரும் ஒரு செடியையும் தொடக்கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டார். ஒரு தடவை நடித்துக்கொண்டிருந்தவன் இரண்டு தடவை நடித்தேன். பயத்தில், நன்றாக வளர்ந்து தானாகவே அடையாளம் தெரிகிற களைக்கு மட்டும் கட்டினேன். சின்னதை எல்லாம் விட்டுவிட்டேன். சரிவில் களை மண்டியது. "அண்ணன் மாதிரி நிதானம் வேணும்," என்று அதிகாரி மற்றவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கிக் கருகியிருக்கிறது. பக்கத்து அறையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே போயிருந்த மனைவி வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் நின்றாள்.

"மூக்கு எப்ப போச்சு?"

"மழைக்கு முன்னாடி."

அவள் விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். அவளுக்குக் கன்றுகளின் கதை தெரியும். நான் சொன்ன மாதிரி தெரியும். "அப்ப அந்தக் கன்னுங்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல், "அந்தம்மா முகத்துல எப்படிங்க முழிப்பீங்க?" என்றாள். பிறகு பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

மறுநாள் மத்தியானம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். டிரைவரம்மாவின் வண்டி காலியாக நின்றது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடினார். படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். காய்ச்சல், மோப்பம், ரிப்பன், பொய். என்னை மன்னிச்சிடும்மா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தத் தண்ணீர் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"இத எதுக்குண்ணே எங்கிட்ட சொல்றீங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரியாததா? பிடுங்கினவளே நான்தானே. எதுல ரிப்பன் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? யாருக்குத் தெரியாதோ அவங்ககிட்டல்ல சொல்லணும்." தண்ணீர் பாட்டிலைத் திறந்து கை கழுவினார். "முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன். ஒரு நாய்க்குட்டி மேலகூட ஏத்தினதில்ல. அங்க அத்தன பேர் முன்னாடி அறுபத்திரண்டு கன்னுங்களக் கொன்னவளா நின்னேன். நீங்க யாரும் இல்லாத பஸ்ஸுல வந்து அழறீங்க."

திரும்பி வந்து இரண்டு இரவு தூங்கவில்லை. அவர் கோபத்தில் திட்டியிருந்தால் தேவலை. செலவில்லாத இடமாகப் பார்த்து மன்னிப்பு கேட்கப் போயிருக்கிறேன் என்பதை என் கையிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, வேலை பிரிக்கும் நேரத்தில் அதிகாரி ரிப்பன் கட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பதினாலு பேர் நின்றிருந்தார்கள். "மேடம், எனக்கு மோப்பம் போய் நாலு மாசமாச்சு. அந்தக் கன்னுக்கெல்லாம் ரிப்பன் கட்டினது நான்தான். பழிய டிரைவரம்மா மேல போட்டுட்டேன்," என்றேன். அன்று சிரித்த இரண்டு மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

நீட்டியிருந்த ரிப்பன் கட்டை அதிகாரி கீழே இறக்கினார். பிறகு, "அன்னிக்கு அவங்க உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். மறந்துபோய் விடவில்லை. மோப்பம் போனது நோய், யாருக்கும் வரலாம், இரக்கப்படுவார்கள். சொன்னதைக் கேட்காமல் வாயை அடைத்தது நோய் இல்லையே. அதை மட்டும் கழித்துவிட்டுத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.

"சொன்னாங்க," என்றேன். "மணக்குதுன்னு சொன்னாங்க. நான் திட்டி அனுப்பிட்டேன்."

அதிகாரி கடைசி ஆணியிலிருந்து கையுறைகளை எடுத்துத் தூசி தட்டி என் கையில் வைத்தார். "நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. நான் அப்புறம் போன்ல பேசறேன்," என்றார். ரிப்பன் கட்டை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நான் பாதை பெருக்கினேன். மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன்.

மாலையில் பூங்கா நிறுத்தத்தில் காத்திருந்து அவர் வண்டியில் ஏறினேன். கையுறைகளை நீட்டினேன். வாங்கி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எத்தன பேர் இருந்தாங்க?"

"பதினாலு பேர்."

"நான் மணக்குதுன்னு சொன்னதையும் சொல்லிட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். வாய்வரை வந்துவிட்டது.

"மேடம் கேட்டப்புறம்தான் சொன்னேன்," என்றேன்.

"கேட்டப்புறம்தான்," என்று அவர் ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நிறைய பேர் ஏறியிருந்தார்கள்.

"உள்ள போய் உக்காருங்கண்ணே. வழியில நிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.