நான் இருக்கிறன், அக்கா

சுவிஸின் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் லூசியாவுக்கு வேலை. முடிந்து வரும் கைக்கடிகாரங்களுக்குத் தோல்பட்டி பூட்டி, கண்ணாடியைத் துடைத்து, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆனால் அந்த 2009ஆம் ஆண்டு மாசி மாதம் தொடக்கம் லூசியாவின் மேலங்கிப் பையில் போன் கிடந்தது. மேற்பார்வையாளர் ரசீன் ஒருநாள் கண்டுவிட்டார். என்ன இது என்று பிரெஞ்சில் கேட்டார்.

"என் தங்கச்சி. அங்கே யுத்தம்."

அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மனிசன் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் மட்டும் வரக்கூடாது, மதாம்," என்று சொல்லிவிட்டு அப்பால் போனார்.

தங்கச்சியின் பெயர் பிலோமினா. மன்னார்ப் பேசாலையில் பிறந்த இரண்டு பெண்பிள்ளைகளில் மூத்தவள் லூசியா, இளையவள் பிலோமினா. லூசியா கைக்குழந்தை லாராவோடு புருசனைத் தேடிச் சுவிஸுக்கு வந்துவிட்டாள். பிலோமினா விடத்தல்தீவில் கலியாணம் முடித்தாள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரே மகன் லூக்காஸை வைத்துக்கொண்டு அவள் அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை நெருங்க, சனத்தோடு சனமாய் வடக்கே நடந்தாள். கிளிநொச்சி, தருமபுரம், பிறகு புதுக்குடியிருப்பு. கடைசியாகப் போன் வந்தது தருமபுரத்திலிருந்து, தை மாதத்தில். "அக்கா, இனிக் கதைக்க ஏலாமல் போகும். தேடாதை," என்றாள். தேடாமல் இருக்க லூசியாவால் முடியுமா?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லாராவின் பாட்டு பிலோமினாவிடமிருந்துதான் தொடங்கியது.

பேசாலைக் கோயிலில் பிலோமினா பாடினால் வெளியே மணலில் நிற்கிற சனமும் கதையை நிறுத்தும். லூசியாவுக்கு அந்தக் குரல் இல்லை. அது அவளைத் தாண்டி மகளிடம் போய்விட்டது. சமாதான காலத்தில், போன் இலகுவாகக் கிடைத்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோமினா அந்தப் பக்கமிருந்து பாடுவாள். லாரா இந்தப் பக்கம் சோபாவில் சம்மணம் கொட்டியிருந்து திருப்பிப் பாடுவாள். தவக்காலத்தில் பாடுகிற, யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் முழுவதையும் பிள்ளை அப்படித்தான் பழகினாள். சின்னம்மாவை நேரில் கண்ட ஞாபகம் பிள்ளைக்கு இல்லை. ஆனால் சின்னம்மா எந்த இடத்தில் மூச்செடுப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை லாராவின் குரலைக் கேட்டாள். வகுப்புகள் தொடங்கின. லூசியா தொழிற்சாலைக்குப் போகமுன் விடியவே ஒரு பல்மருத்துவரின் இடத்தைத் துப்புரவு செய்யப் போனதும் அந்த வகுப்புகளுக்காகத்தான். இப்போது லாராவுக்குப் பதினெட்டு வயது. பேர்ன் இசைக் கல்லூரியில் சேர அவள் விண்ணப்பித்திருந்தாள். குரல் தேர்வுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த கிழமை, திங்கட்கிழமை.

அதே திங்கட்கிழமை ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில், யுத்தத்தை நிறுத்தச்சொல்லித் தமிழ்ச்சனத்தின் ஊர்வலம்.

லூசியாவின் புருசன் செபஸ்ரியன் நல்ல மனிசன். ஆனால் அந்த மாதங்களில் அவர் தன் நிலையில் இல்லை. வேலையால் வந்ததும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். காட்டுகிற பிணங்களில் முகம் தேடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் லாரா தேர்வைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த சோற்றைக் கோப்பையில் போட்டுவிட்டார்.

"அங்க சனம் பங்கருக்குள்ள கிடந்து சாகுது. நீ மேடையில ஏறிப் பாடப்போறியோ?"

"அப்பா, இது மேடை இல்லை. எக்ஸாம்."

"என்னவாயிருந்தாலும் பாட்டுத்தானே! சனம் என்ன கதைக்கும்? சொந்தச் சின்னம்மா இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாது, இவள் பாடுறாள் எண்டு கதைக்காதோ?"

லாரா எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்திய சத்தமும் கேட்கவில்லை. அதுதான் லூசியாவை உலுப்பியது. கொஞ்சநேரத்தால் மகள் வெளியே வந்து, "நான் ஜெனீவாவுக்கு வாறன், அப்பா. அடுத்த வருசம் பாப்பம்," என்றாள்.

லூசியாதான் செபஸ்ரியனைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கள் போங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. எனக்கும் சேர்த்துக் கத்துங்கோ. ஆனா பிள்ளை பேர்னுக்குப் போவாள். நான் கூட்டிக்கொண்டு போவன்."

"நீர் விளங்கித்தான் கதைக்கிறீரோ? அது உம்மட தங்கச்சி!"

"ஓம். என்ர தங்கச்சிதான்." லூசியா எழும்பி நின்றாள். "தருமபுரத்தில இருந்து கடைசியாக் கதைக்கேக்க, ஷெல் சத்தத்துக்குள்ள அவள் கேட்டது ஒண்டுதான். லாரா பாடுறாளோ, அக்கா எண்டு. ஓம் பாடுறாள் எண்டு சொன்னனான். என்னைப் பொய்க்காரியாக்காதேங்கோ."

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிக் கதையில்லை.

திங்கட்கிழமை காலையில் மூன்றுபேரும் ஒன்றாகத்தான் பீல் ஸ்ரேசனுக்கு வந்தார்கள். ஜெனீவா ரயிலுக்கு நின்ற தமிழ்ச்சனம் பிளாட்பாரத்தை நிறைத்திருந்தது. எல்லோரும் கறுப்பு உடுப்பு. சுருட்டிய பதாகையோடு நின்ற தில்லைநாயகி அக்கா லாராவின் கையிலிருந்த பாட்டுக் கொப்பியைப் பார்த்தார். பிறகு லூசியாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். லூசியா தலையைக் குனிந்துகொண்டு மகளோடு அடுத்த பிளாட்பாரத்துக்கு நடந்தாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது செபஸ்ரியன் சனத்துக்குள் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கை காட்டவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை.

பேர்னில், தாயைத் தேர்வு மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்றுதான் லூசியா நினைத்திருந்தாள். வாசலில் பெயர் கூப்பிட்ட வயதான பெண், பின்வரிசையில் சத்தமில்லாமல் இருக்கலாம் என்று ஜெர்மனில் சொன்னாள். அவளுடைய முகம் இரக்கமான முகம். லூசியா கதவோரக் கதிரையில் போய் இருந்தாள். முன்னால் நீண்ட மேசையில் நாலைந்துபேர். பியானோவுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக லாரா. தூரத்திலிருந்து பார்க்க, நிற்கிற நிலையிலேயே பிலோமினாவின் சாயல் அடித்தது. ஒரு தோள் கொஞ்சம் இறங்கி, நாடி கொஞ்சம் உயர்ந்து. லூசியா கண்ணை மூடிச் செபமாலை மாதாவைக் கும்பிட்டாள்.

லாரா பாடத் தொடங்கினாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

நீளமான நம்பர். முன்னுக்கு இலங்கைக் குறி. எடுத்தால் எழும்ப வேண்டும், பிள்ளை காண்பாள். எடுக்காவிட்டால்? அவள் யோசித்ததாகவே பிறகு ஞாபகமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நடைவழிக்கு வந்துவிட்டாள்.

"ஹலோ! ஹலோ!"

காற்றுச் சத்தம். சனத்தின் இரைச்சல். யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"அக்கா. நான் பிலோ. நான் இருக்கிறன், அக்கா."

லூசியா போனைக் காதோடு அழுத்தினாள்.

"பிலோ! எங்க நிக்கிறாய்? எங்கயடி நிக்கிறாய்?"

"சனத்தோட கடலேரித் தண்ணிக்குள்ளால வந்திட்டன். கழுத்தளவு தண்ணி. இப்ப ஓமந்தையில ஆமி பஸ்ஸில ஏத்தியிருக்கு. றைவர் தன்ர போனைத் தந்தவர். கனநேரம் கதைக்க ஏலாது."

"சாப்பிட்டனியோ? காயம் ஏதும்…"

"எனக்கு ஒண்டுமில்லை."

'எனக்கு' என்றாள். 'எங்களுக்கு' என்று சொல்லவில்லை. முதலும் 'நான் இருக்கிறன்' என்றுதான் சொன்னாள். லூசியாவின் நாக்கு நுனியில் லூக்காஸின் பெயர் வந்து நின்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கேட்க வாய் வரவில்லை. இருவரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அக்கா," என்றாள் பிலோமினா. "அங்கால என்ன சத்தம்? ஆரோ பாடுற மாதிரிக் கிடக்கு."

"லாரா பாடுறாள், பிலோ. பெரிய பள்ளிக்கூடத்தில சேரச் சோதனை."

"லாராவோ?"

லூசியா கதவை ஒரு விரலளவு திறந்து, போனை அந்த இடைவெளியில் பிடித்தாள். பாட்டு மேலே ஏறி நின்று, மெல்ல இறங்கி முடிந்தது. போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"என்ன பாட்டது? தமிழோ?"

"இல்லையடி. ஜெர்மன்."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." பிலோமினா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை. "நல்லாயிருக்கு, அக்கா. அவளை நல்லா…"

தொடர்பு அறுந்தது. லூசியா அந்த நம்பருக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். சிங்களத்தில் ஒரு பெண்குரல் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

லாரா வெளியே வந்தபோது தாய் நடைவழியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"சின்னம்மா செத்திட்டாவோ?"

"இல்லை. இருக்கிறா. கதைச்சவ. உன்ர பாட்டையும் கேட்டவ."

லாரா தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மா, நீங்கள் எழும்பிப் போனதைக் கண்டனான். சின்னம்மா செத்திட்டா எண்டுதான் நினைச்சன். எண்டாலும் நான் நிப்பாட்டேல்லை. பாடிக்கொண்டே இருந்தனான். நான் கெட்ட பிள்ளையோ?" என்று கேட்டாள்.

"நிப்பாட்டியிருந்தா அடிச்சிருப்பன்," என்றாள் லூசியா, மகளின் தலைமயிரைக் கோதிக்கொண்டு. லூக்காஸைப் பற்றி அப்போது சொல்லவில்லை.

செபஸ்ரியன் பொழுதுபடும் நேரம் வீட்டுக்கு வந்தார். கத்திக் கத்திக் குரல் அடைத்திருந்தது. செய்தியைக் கேட்டதும் சப்பாத்தையும் கழற்றாமல் வாசலில் கிடந்த மரவாங்கில் குந்தி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "பொடியன்?" என்று கேட்டார். லூசியா தலையசைத்தாள், தெரியாது என்று. பிறகு, அடைத்த குரலில் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, பாட்டு எப்பிடிப் போச்சு?"

"தெரியாது, அப்பா. ஒரு இடத்தில கொஞ்சம் பிசகிச்சு."

"பரவாயில்லை," என்றார். "பரவாயில்லை, அம்மா."

லாராவுக்கு இடம் கிடைத்தது. புரட்டாதியில் கல்லூரி தொடங்கியது. பாட்டுக் கொப்பிகளை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு காலை ரயிலில் பேர்னுக்குப் போய்வந்தாள். தில்லைநாயகி அக்கா ஒரு கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார். அவரும் லூசியாவும் குசினியில் அழுது தீர்த்தார்கள்.

பிலோமினாவைச் செட்டிகுளத்து அகதி முகாமில் கம்பிவேலிக்குள் வைத்திருந்தார்கள். அங்கிருந்து இடைக்கிடை வந்த அழைப்புகளில்தான் நடந்தது தெரியவந்தது. தண்ணீருக்குள் இறங்கும்போது லூக்காஸ் தாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். நடுவில் ஷெல் விழுந்தது, சனம் சிதறியது. கரையேறிப் பார்த்தால் அவள் கை வெறுங்கை. ஆள் செத்ததைக் கண்டவர் எவருமில்லை. உயிரோடு கண்டவரும் இல்லை.

மார்கழியில் அவளை வெளியே விட்டார்கள். பேசாலையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் வந்து இருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை அழைப்பிலேயே செபஸ்ரியன் லூசியாவின் கையிலிருந்து போனை வாங்கினார். "பிலோ, நான் இஞ்ச வக்கீலோட கதைக்கிறன். எப்பிடியாவது உன்னைக் கூப்பிடுறன். அக்காவோட வந்திரு," என்றார்.

"வேண்டாம், அத்தான். பிள்ளை வந்தா முதல்ல பேசாலைக்குத்தான் வருவான். நான் இல்லாட்டி எங்கயெண்டு தேடுவான்?"

செபஸ்ரியன் போனை லூசியாவிடம் கொடுத்தார். லூசியாவுக்கு உடனே அங்கே போய் அவள் பக்கத்தில் இருக்கவேண்டும்போல் இருந்தது. அகதியாய் வந்தவளுக்கு இந்த நாட்டுக்காரர் கொடுத்த பயணப் பத்திரத்தில், எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர என்று அடித்திருந்தது. சுவிஸ் பிரஜை ஆனால்தான் போகலாம். அதற்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடந்தது.

"நீ வரவேண்டாம். நான் வாறன், பிலோ," என்றாள் லூசியா. "கொஞ்சம் பொறு. எப்பிடியும் வருவன்."

"ஓம் அக்கா. வா."

லாரா பக்கத்தில் வந்து போனுக்குக் கை நீட்டினாள். "சின்னம்மா, நான் லாரா. உங்களுக்கு ஒரு பாட்டுப் பாடட்டோ? இந்த முறை தமிழில."

அந்தப் பக்கம் கடல்காற்று இரைந்தது.

"இப்ப வேண்டாம், பிள்ளை," என்றாள் பிலோமினா, மிகவும் அன்பாக. "அவன் வந்தாப்பிறகு ரெண்டுபேருமா இருந்து கேக்கிறம். நீ விடாமல் படி."

"ஓம், சின்னம்மா."

அழைப்பு முடிந்தது. செபஸ்ரியன் எழும்பி யன்னலடிக்குப் போனார். வெளியே இருள முதலே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நத்தார்ச் சோடனைகளுக்குக் கீழே சனம் குடையோடு போனது. லாரா அறைக்குள் போய், கதவைத் திறந்தபடியே விட்டு, ஸ்வரம் பாடிப் பழகத் தொடங்கினாள். ஏறி ஏறி இறங்கும் அதே ஸ்வரங்கள்தான். லூசியா இரவுச் சாப்பாட்டுக்கு அரிசியைக் கழுவினாள். கழுவிய தண்ணீர் தெளிந்த பிறகும் கையை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு, பேசாலையில் இப்போது எத்தனை மணியாகியிருக்கும் என்று யோசித்தாள்.