அரை மில்லிமீட்டர்

"நாப்பது பல்லு கியர் ஒண்ணு ஸ்பேர் இருக்காடி?" என்று திருகாணி வந்து நின்றபோது, போட்டி அரங்கின் மேசையில் தன் ரோபோவின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள் பல் டாக்டர். ஒரு வருஷம் கழித்துக் கேட்கிற குரல், நிமிராமலே தெரிந்துவிட்டது.

இரண்டும், இருவரும் ஒன்றாகப் படித்த பள்ளியில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள். போட்டி ரோபோவுக்கான கியர்பாக்ஸைக் கம்ப்யூட்டரில் வரைந்து, சதா சக்கரங்களுக்குப் பல் எண்ணிக்கொண்டிருப்பவள் பல் டாக்டர். அதைத் தகட்டில் துளையிட்டுப் பூட்டுகிறவள், வேலை செய்யும்போதெல்லாம் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டிருப்பவள், மற்றவள். நகமும் சதையுமாக இருந்தார்கள். போன வருஷம் அரையிறுதியில் அவர்களுடைய கியர்பாக்ஸ் பல் உடைந்து ரோபோ நடுக்களத்தில் நின்றுபோனது. துளை தள்ளிப் போயிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் திருகாணியைப் பார்த்தார்கள். அவளும் தன் கையையே பார்த்துக்கொண்டாள். அந்த விடுமுறையில் அவள் அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்தது. வேறு ஊர், வேறு பள்ளி.

அவள் போன இரண்டாம் மாதம் பல் டாக்டர் பழைய வரைபடத்தைத் திறந்தாள். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரத்தில் அரை மில்லிமீட்டர் கூடுதல். தப்பு துளையில் இல்லை, கோட்டில். திருத்தினாள். போனை எடுத்தாள், வைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் மாதங்கள் ஓடிவிட்டன.

"அடுத்த மேட்ச் அவங்களோடதான். எதிராளிக்கே கத்தி தீட்டிக் குடுக்கிறியா?" என்று இப்போது பல் டாக்டரின் அணித்தலைவன் முணுமுணுத்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கியரை எடுத்துக்கொண்டு திருகாணியின் அணி மேசைக்கே போனாள். அங்கே கழற்றிப் போட்டிருந்த கியர்பாக்ஸைக் குனிந்து பார்த்தாள். தான் வரைந்ததேதான்.

"உன் டிசைனையேதான் வச்சுக்கிட்டேன். அதைவிட நல்லது எங்க கிடைக்கும்?" திருகாணி உடைந்த பல்லைத் தடவினாள். "ஒவ்வொரு ஓட்டையும் நாலு தடவை அளந்துதான் போட்டேன். அப்பவும் உடையுது. என் கைதான் சரியில்ல போல."

"இந்தக் கியரும் உடையும்."

"ஏன்?"

"டிராயிங் தப்பு. நான்தான் அரை மில்லி கூட்டிப் போட்டுட்டேன். பல்லு நுனியில மட்டும்தான் பிடிக்குது. உன் கை எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்ப தெரியும் உனக்கு?"

"நீ போன ரெண்டாம் மாசம்."

திருகாணி உதட்டிலிருந்த ஆணியை எடுத்து மேசையில் வைத்தாள். பல் டாக்டர் தன் மேசைக்கு ஓடினாள். திருத்திய அளவில் செய்த தங்கள் மாற்று கியர்பாக்ஸை முழுசாகவே தூக்கினாள். வெளி அளவு ஒன்றுதான், அப்படியே உட்கார்ந்துவிடும். அணித்தலைவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவள் திரும்பி வந்தபோது மேட்சுக்குப் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி. திருகாணியின் கண்கள் சிவந்திருந்தன.

"ஸ்பேனர் குடு," என்றாள். "ஆடாம பிடிச்சுக்கோ. உன்னைத் திட்ட நிறைய இருக்கு. இப்ப நேரமில்ல."

பல் டாக்டர் பிடித்துக்கொண்டாள். முதல் போல்ட்டைத் திருகாணி நாலு தடவை சரிபார்த்தாள். மூன்றாவதை ஒரே தடவையில் முடுக்கிவிட்டாள்.

மேட்ச் தொடங்கி அரை நிமிஷத்துக்குள் இரண்டு ரோபோக்களும் நடுக்களத்தில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டும் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. இரண்டின் வயிற்றிலிருந்தும் ஒரே சீரான ரீங்காரம். பல் டாக்டர் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தாள். அத்தனை கூச்சலுக்கும் நடுவே திருகாணி கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.