பேப்பருக்கு மட்டும்

பட்டறையில் அவருக்கு மைக்ரான் என்று பெயர். லேத் மெஷினில் தலைமுடி கனம் பிசகினாலும் உருப்படியைத் தூக்கிக் குப்பையில் போடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், கூட்டாளியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும்போது மட்டும் எதையும் அளந்து பார்க்கவில்லை. கூட்டாளி கம்பி நீட்டிவிட்டான். கடன் கொடுத்த இரும்புக்கடைக்காரர் வழக்குப் போட்டார். பட்டறை போச்சு. மைக்ரான் இன்னொருவன் பட்டறையில் சம்பளத்துக்குப் போனார். அடுத்து வீடுதான் போகும் என்று தெரிந்தபோது அவருக்கு அந்த மகா யோசனை உதித்தது.

"பேப்பருக்கு மட்டும் விவாகரத்து பண்ணிக்கலாம். வீடு உன் பேருக்கு வந்துடும். என் சம்பளத்துல பாதியை ஜீவனாம்சம்னு எழுதி வெச்சுட்டா, அந்த ஆளு கை வெக்க என்ன மிச்சம் இருக்கும்? நாம பாட்டுக்கு எப்பவும் போல இருந்துக்கலாம்" என்றார் மனைவியிடம்.

மருந்துக்கடையில் பில் போடும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள் அவள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நிஜமாவே எழுதித் தருவீங்களா?"

"முத்திரை குத்தியே தரேன், போதுமா?"

"சரி" என்றாள்.

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்துவிட்டாளே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம்தான் அவருக்கு ஜென்மத்துக்கும் கிடையாதே!

வக்கீலிடம் நிபந்தனைகளை அவரே வரிவரியாகச் சொன்னார். "வீடு முழுசும் அவளுக்கு. பொண்ணு அவளோட. எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு தெளிவா போடுங்க சார். நாளைக்கு எவனும் ஓட்டை கண்டுபிடிக்கக் கூடாது."

"ரொம்ப தாராளமா இருக்கீங்களே?" என்று வக்கீல் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"தப்பு எம்பேர்ல சார்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார் மைக்ரான். மனதுக்குள் குஷிதான்.

வழக்கு நாளன்று காலையில் மனைவிக்குப் பாடம் நடத்தினார். "'ஒத்து வரல, பிரிஞ்சுடறோம்'னு மட்டும் சொல்லு. கண்ணுல கொஞ்சம் தண்ணி வந்தா ரொம்ப நல்லது."

நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். மின்விசிறி கடகடத்த அந்தச் சின்ன அறையில் முதலில் அவரைக் கேட்டார். மைக்ரான் ஒப்பித்தார். பிறகு அவளைக் கேட்டார். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"பதினேழு வருஷம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்டு இவர் எதுவும் செஞ்சதில்ல. எங்கப்பா போட்ட வளையலைக் கேக்காம வித்தார். பொண்ணு படிப்புக்கு வெச்சிருந்ததைக் கேக்காம கூட்டாளிக்குக் குடுத்தார். ஏன்னு கேட்டா அடிதான். ரெண்டு தடவை பொறந்த வீட்டுக்குப் போனேன், திருப்பி அனுப்பிட்டாங்க. என்னை விட்டுடுங்கன்னு இவர்கிட்டயே கெஞ்சினேன். 'செத்தாத்தான் போவே'ன்னார். இப்ப அவரே விடறேங்கறார். சீக்கிரம் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

அடேயப்பா, என்ன நடிப்பு என்று மைக்ரான் அசந்து போனார். வளையலையெல்லாம் எவ்வளவு பொருத்தமாகச் சேர்த்துக்கொண்டாள்! அவள் சொன்னது அத்தனையும் நடந்ததுதான் என்பது அந்த மனுஷர் மண்டையில் ஏறவே இல்லை. பாவி மனுஷன்!

நீதிபதி காகிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் மைக்ரானுக்கு வாயெல்லாம் பல். "பின்னிட்டே போ! வா, வீட்டுக்குப் போய் நிம்மதியா ஒரு காபி குடிக்கலாம்."

"உங்க துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வக்கீல் ஆபீஸ்ல குடுத்திருக்கேன். பூட்டை மாத்தியாச்சு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் நடிக்கலைங்க" என்றாள்.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது. "என்னையே ஏமாத்தறியா? இப்பவே உள்ள போய் எல்லாம் பொய்னு சொல்றேன் பாரு."

"சொல்லுங்க. பொய்ச் சத்தியம் பண்ணினதுக்கு உங்கள உள்ள வெப்பாங்க. வீட்டை இரும்புக்கடைக்காரர் எடுத்துப்பார். உங்க பொண்ணு நடுத்தெருவுல நிப்பா. வழக்கம் போல நீங்களே முடிவு பண்ணிக்குங்க. என்னைக் கேக்க வேணாம்."

அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவருக்குக் காட்டாமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். அவர் கதவு வரை போனார். உள்ளே அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கதவைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

வாசலில் இரும்புக்கடைக்காரர் பைக்கில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

"என்னய்யா, விவாகரத்தாமே? யார்கிட்ட காது குத்தறே? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். ராத்திரி எந்த வீட்டுல போய்ப் படுப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"இல்லீங்க... நிஜமாவே என்னை வெட்டி விட்டுட்டா. எனக்குப் போக்கிடமே இல்ல."

 அத்தனை பேர் போய்வரும் படியிலேயே மைக்ரான் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

இரும்புக்கடைக்காரர் சற்று நேரம் ரசித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான்யா அழறே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.