பெர்சிக்கு மட்டும் எழுதியது

போடிமெட்டுக்குக் கீழே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த லயங்களுக்கு எதிரே என் கம்ப்யூட்டர் கடை. எதிர்ப்பக்கம் இருக்கும் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே ஈமெயில் முகவரிதான். அது என் கடையினுடையது. ரேஷன் கார்டோ பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப்போ, எதற்கும் அதையே எழுதிக் கொடுப்பார்கள். பாஸ்வேர்டு மறக்கிற தொல்லை இல்லை. ஆனால் யார் அனுப்பியது என்பது முகவரியைப் பார்த்தால் தெரியாது. கடிதத்தின் கீழே பேர் இருந்தால்தான் தெரியும்.

லயத்தில் இருக்கும் இன்பமேரியும் தன் கடிதத்தை அதிலிருந்துதான் அனுப்பினாள். கொச்சியில் வேலை பார்க்கும் தன் சித்தி மகள் பெர்சிக்கு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து தானே தட்டினாள். காலையில் செடிக்கு மருந்தடிக்கிறார்கள், மத்தியானமே அதே இடத்தில் காய் எடுக்க விடுகிறார்கள், கண் எரிகிறது, ராத்திரியெல்லாம் இருமல். கூடவே பீல்டு ஆபீசர் சிஜுவைப் பற்றிக் கொஞ்சம் கிண்டல்.

நான்காம் நாள் செல்போனைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள்.

"பாருங்க மத்தியாஸ் அண்ணே. எஸ்டேட் ஸ்டாஃப் குரூப்புல என் லெட்டரு."

பெர்சி, கடிதத்தின் கீழே இருந்த இன்பமேரி பேரை மட்டும் எடுத்துவிட்டு, யாராவது உதவுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அது கைமாறிக் கைமாறி மலையேறி வந்துவிட்டது. இன்பமேரி தற்காலிகத் தொழிலாளி. எழுதியது அவள்தான் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

எனக்கோ உற்சாகம் வந்துவிட்டது. எந்தச் சாமானையும் பிரித்துக் காட்டினால்தான் எனக்கு நிம்மதி; சட்டமும் அப்படித்தான்.

"இங்க பாரு, உனக்கு ஒருத்தர் கடுதாசி போட்டா காகிதம் உன்னோடது. எழுத்து அவரோடது. ஈமெயிலும் அதே மாதிரிதான். நீ எழுதி முடிச்ச நிமிஷமே அது உன் படைப்பு. எங்கேயும் பதிய வேண்டாம். காப்பிரைட்டுன்னு பேரு. உன்னைக் கேக்காம முழுசா நகல் எடுத்து அனுப்பக் கூடாதுன்னு நோட்டீஸ் விடலாம். கோர்ட்டு எப்படிப் பாக்குமோ, அது வேற விஷயம்."

"கதை எழுதுறவங்களுக்குல்ல அது?"

"இருமலைப் பத்தி எழுதினாலும் எழுத்துதான்."

அரை மணி நேரத்தில் நோட்டீஸ் தயார். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் கடைசி வரியில் நின்றது.

"கீழே என் பேரா?"

"எழுதினது நான்தான்னு சொல்லாம உரிமை கேக்க முடியாதே."

"நல்லாருக்கு அண்ணே. ஒளிஞ்சு நிக்கிறவளை, கையைத் தூக்கிட்டு வந்தா காப்பாத்துறேன்னு சொல்லுது உங்க சட்டம்."

அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் காப்பது வார்த்தைகளை மட்டுமே. அதில் உள்ள சங்கதியை அல்ல. மருந்தடித்த கதையை யார் வேண்டுமானாலும் தங்கள் வார்த்தையில் சொல்லலாம். படித்தவர்கள் மனதிலிருந்து எடுக்கவும் வழியில்லை. நான் விளக்க விளக்க அவள் முகம் சிறுத்துக்கொண்டே போனது.

பெர்சியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, உனக்கு எழுதினா ஊருக்கா படிச்சுக் காட்டுவ?"

"அக்கா, எத்தனை பேரு அழுதாங்க தெரியுமா? பேரைத்தான் எடுத்துட்டேன்ல!"

"அழுதவங்க வந்து காய் எடுப்பாங்களா? வையிட்டி போனை."

மறுநாள் காலை பெரட்டில் அது வெடித்தது. எல்லோரும் வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்ளும் நேரம் அது. நான் ஆதார் நகல்களைக் கொடுக்கப் போயிருந்தேன். சிஜு கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"இதை எழுதினது யாரு? ஆம்பளையா இருந்தாலும் பொம்பளையா இருந்தாலும் முன்னால வரணும்."

யாரும் அசையவில்லை. கோபத்தில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'மருந்து ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டு, மூக்குல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு மேட்டுல ஏறி நிப்பாரு எங்க முக்காட்டு மாப்பிள்ளை...'"

முதலில் ஒரு செருமல். பிறகு அடக்க முடியாமல் மொத்த வரிசையும் சிரித்தது. அந்தப் பட்டப்பேரை வைத்தது இன்பமேரிதான் என்பது காட்டில் காய் எடுக்கும் அத்தனை பெண்களுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே, காட்டிக்கொடுக்கும் எண்ணம் துளியும் இல்லாமல், எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சிஜுவும் திரும்பினார்.

வார்த்தைகள் அவளுடைய சொந்த வார்த்தைகள் என்பதால்தான் சட்டத்தில் அவளுக்கு உரிமை. அதே காரணத்தால்தான் மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் கடைக்கு வந்தாள். நாளையிலிருந்து வேலை இல்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"இப்ப அந்த நோட்டீசுல கையெழுத்துப் போடலாம்மா," என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு உதவாத பேச்சு என்று தெரிந்தது.

"போட்டா வேலை திரும்ப வருமா?"

"வராது."

"வீடு?"

நான் நோட்டீசை மடித்து மேசை டிராயரில் போட்டேன்.

"பெர்சியைத் திட்டியாச்சு. அவகிட்ட வாங்க வேற என்ன இருக்கு?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "லெட்டரு என் சொத்துன்னீங்கல்ல? அப்ப நான் அதை யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்தானே?"

"தாராளமா."

"தோட்டத்தை எல்லாம் பரிசோதிக்கிற கவர்மெண்டு இன்ஸ்பெக்டருக்கு மூணு காப்பி எடுங்க. காலைல முதல் பஸ்ஸுக்குப் போறேன். எனக்குத்தான் வேலை இல்லையே."

தாள்கள் சூடாக வந்து விழுந்தன. இன்ஸ்பெக்டர் ஆபீசில் கடிதத்துக்கு ஒரு நம்பர் போட்டு வாங்குவார்கள், அந்த நம்பரை விடாமல் கேட்டு வாங்கிக்கொள் என்றேன். எத்தனை நாளில் விசாரிப்பார்கள் என்று கேட்டாள். அது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

பேனாவை வாங்கி, மூன்று தாளிலும் தன் முழுப்பேரை அழுத்தி எழுதினாள்.