காற்றுக்கு அஞ்சியவை

அந்த ஆண்டு ஸ்டைரியா மாநிலத்தில் அறுவடைக்காலம் முழுக்க மழை விட்டபாடில்லை. ரோஸ்வித்தாவின் மக்காச்சோளம் கதிரிலேயே நனைந்து, மணிகளுக்கிடையே இளஞ்சிவப்பாய்ப் பூஞ்சை பிடித்துவிட்டது. வேறு தீவனமில்லாமல் அதையே அரைத்துப் பன்றிகளுக்குப் போட்டாள். இரண்டு வாய் தின்ற குட்டிகள் வாந்தி எடுத்தன. அதன்பிறகு தீவனத்தொட்டிப் பக்கமே திரும்பவில்லை.

கணவன் இறந்தபின் பண்ணையை அவளும் கொழுந்தன் ஹூபர்ட்டும்தான் பார்த்துவந்தார்கள். பன்றிகள் அவள் பொறுப்பு, பசுக்கள் அவன் பொறுப்பு.

"என் மாடுங்களும் இதே சோளத்தத்தான் திங்குது, ஒண்ணும் ஆகல. உங்க பன்னிங்களுக்கு வாய்க்கொழுப்பு, அண்ணி" என்றான் ஹூபர்ட்.

சோளத்தைப் பரிசோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த கெர்லிண்டே இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"இந்தப் பூஞ்சை விஷத்துலேர்ந்து மாட்ட காப்பாத்துறது மாடு இல்லைங்க. அது வயித்துல குடியிருக்கிற பாக்டீரியா. அதுல ஒண்ணப் பிரிச்சு நாங்க வளர்த்து வச்சிருக்கோம். பண்ணையில இதுவரைக்கும் போட்டுப் பார்த்ததில்ல. நீங்க சரின்னா இங்க பாக்கலாம்."

"மாட்டு வயித்துக் கிருமி பன்னிக்கா? அடுத்தது பன்னிகிட்ட பால் கறக்கச் சொல்லுவீங்க!" என்றான் ஹூபர்ட்.

"நீ சும்மா இரு. எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றாள் ரோஸ்வித்தா.

கெர்லிண்டே சமையலறை மேசையில் நுண்ணோக்கியை வைத்துக் காட்டினாள். ரோஸ்வித்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சின்னச் சின்னக் குச்சிகள், உடைத்துப்போட்ட சேமியா மாதிரி.

"வாயே காணோமே. எதால விஷத்தத் திங்குது?"

"திங்கிறதில்ல. விஷத்துல ஒரு ஓரமா ஒட்டிட்டிருக்கிற ஒரே ஒரு ஆக்சிஜன் அணுவக் கழட்டிவிடும். அவ்வளவுதான். அப்புறம் அது ஒண்ணும் பண்ணாது. ஆனா காத்து பட்டா இதுங்க செத்துடும்."

ரோஸ்வித்தா மறுபடி குனிந்தாள். காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைத்த சோளத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பாக்டீரியாவைக் கலந்து, பெரிய தொட்டியில் மூடி இறுக்கினார்கள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. விஷம் அப்படியே இருந்தது. கெர்லிண்டே முகம் வாடிப்போய்க் குழாய் குழாயாகச் சோதித்தாள். ஹூபர்ட் காதுமடல் சிவக்க வந்து நின்றான்.

"நான்தான்... உள்ள என்ன நடக்குதுன்னு மூடியத் தொறந்து எட்டிப் பாத்தேன். ஒரு தடவைதான்."

"ஒரு தடவையா?" என்றாள் ரோஸ்வித்தா.

"சரி, மூணு தடவ."

இரண்டாம் முறை தொட்டி அறையைப் பூட்டிச் சாவியை அவளே வைத்துக்கொண்டாள். கெர்லிண்டே மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். பிறகு தொலைபேசியில் அழைத்தாள். "தேடிப் பாத்துட்டோம். எங்க கருவிக்குத் தெரியிற அளவுக்குக்கூட விஷம் இல்ல. ஆனாலும் முதல்ல ரெண்டு குட்டிக்கு மட்டும் போடுங்க."

ரோஸ்வித்தா மூடியைத் திறந்தாள். அதே மஞ்சள் கூழ்தான். கொஞ்சம் புளித்த வாடை, அவ்வளவே. விஷம் இருந்ததற்கும் போனதற்கும் கண்ணுக்கு ஒரு அடையாளமும் இல்லை. இத்தனை பெரிய வேலை தன் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடந்திருப்பதை நினைத்து, கூழை இன்னொருமுறை கிளறிப் பார்த்தாள்.

இரண்டு குட்டிகளைத் தனியே பிரித்துக் கூழை ஊற்றினாள். ஒன்று மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. மற்றது மூக்கை நனைத்தது, நக்கியது, முன்னங்கால்களோடு தீவனத்தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அதைப் பார்த்து முதல் குட்டியும் முண்டியடித்துக்கொண்டு வந்தது. ஹூபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கொட்டில் தரை சுத்தமாக இருந்தது, வாந்தி இல்லை. பிரித்துவைத்த இரண்டும் பசியில் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. ரோஸ்வித்தா வாளியோடு வாசலிலேயே நின்று, கொஞ்ச நேரம் அந்தக் கூச்சலைக் கேட்டாள்.